மூலையில்லாத மணல்

அக்டோபர் 11, வெள்ளி

போன சைட்டில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரியை இன்றைக்குத்தான் பிரிக்கிறேன். எல்லாம் அக்காவின் உபயம். "ஏட்டி ஆவுடை, ஒத்தையில கெடந்து செவத்தப் பாத்துப் பேசிட்டு இருக்காத. யார்ட்டயாவது வாயத் தொறந்து பேசு" என்று தென்காசியிலிருந்து போனில் ஒரு பாட்டம் அழுதாள். திருவான்மியூரில் இந்த ஒற்றை அறையில் இருந்துகொண்டு யாரிடம் பேச? வீட்டுக்கார அம்மாள் மோட்டார் போடும் நேரத்தைத் தவிர வேறெதையும் என்னிடம் பேசுவதில்லை. அதனால் டைரியே, நீ கேள். கேட்காவிட்டாலும் எனக்கொன்றும் நஷ்டமில்லை.

இன்று சைட்டில் ஆயுத பூஜை. ஆய்வகத்து டெக்னீஷியன் தணிகைவேல் சல்லடைகளைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து அடுக்கியிருந்தார். நான் மணல் பார்க்கும் பூதக்கண்ணாடியையும் வாங்கிப்போய், கண்ணாடியின் நட்டநடுவில் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தார். துடைத்தால் சாமி குத்தம், துடைக்காவிட்டால் வேலை நடக்காது. "ஓரமா வெக்கக் கூடாதா?" என்றேன். "சாமி நடுவுல இருந்து பார்த்தாத்தான மேடம் எல்லாம் தெரியும்?" என்கிறார். இந்த ஆளிடம் என்ன பேச முடியும்!

மேனேஜர் சங்கரலிங்கம் பொரியைக் கொறித்துக்கொண்டே உத்தரவு போட்டார். "தீபாவளிக்கு முன்னாடி இணைப்புப் பாதை முடிஞ்சாகணும். அதுக்கப்புறம் நம்ம ஆளுங்க சொந்த ஊரு ஜார்க்கண்டுக்குப் போயிட்டா ஒரு மாசத்துக்குத் திரும்ப மாட்டாங்க. மழையும் புடிச்சிரும்."

நாங்கள் தோண்டுவது மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் சுரங்கம். பெரிய சுரங்கத்தை இயந்திரம் குடைந்து முடித்துவிட்டது. தெருவிலிருந்து நேராகக் கீழே இறங்கும் கிணற்றை அதோடு சேர்க்க ஒரு குட்டிப் பாதை பாக்கி. இயந்திரம் குடையும்போது மண்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டே போகும். குட்டிப் பாதைக்கு அந்த வசதி கிடையாது. ஆட்கள் இறங்கி, வெற்று மணலுக்கு முன்னால் நின்று வெட்ட வேண்டும்.

அக்டோபர் 14, திங்கள்

முதல் வெட்டு. ஒரு மீட்டர் வெட்டுவார்கள். நிலவியலாளர் என்ற முறையில் நான் போய் மண்ணைப் பார்த்து, வெட்டிய முகப்பைத் தாளில் வரைந்து, கையெழுத்துப் போடுவேன். உடனே இரும்பு வளைவு நிறுத்திக் கான்கிரீட் பீய்ச்சுவார்கள். என் கையெழுத்து இல்லாமல் அடுத்த மீட்டர் இல்லை. இந்த ஒரு விஷயத்தில்தான் இந்த சைட்டில் எனக்குக் கொஞ்சம் மரியாதை.

கிணற்றில் இறங்கும்போது புது ஆட்கள் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சுரங்கத்துக்குள் பெண் வந்தால் ஆகாதாம். இமயமலைப் பக்கம் ஒரு சைட்டில் நான் வந்துபோன பிறகு தேங்காய் உடைப்பார்கள். இங்கே முகத்தைத் திருப்புவதோடு சரி, தேங்காய்ச் செலவு மிச்சம். மேஸ்திரி மஹதோ மட்டும் "வாங்க மேடம்" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

சுற்றிலும் குழாய் இறக்கித் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஈரமான மணல் சுவர் மாதிரி நின்றது. ஒரு பிடி எடுத்துக் காயவைத்து உள்ளங்கையில் கொட்டினேன். நிற்கவில்லை, விரலிடுக்கில் உருண்டு ஓடிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு மணியும் வழவழவென்று உருண்டை. மூலை என்பதே இல்லை. பழைய கடற்கரை மணல், அலை நக்கி நக்கி உருட்டிய மணல்.

அறிக்கையில் இப்படி இல்லை. நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே தரையில் துளை போட்டு மண்ணெடுத்துச் சோதித்து முடித்திருக்கிறார்கள். உராய்வுக் கோணம் முப்பத்தெட்டு டிகிரி என்று போட்டிருக்கிறது. மணல் எவ்வளவு செங்குத்தாகத் தன்னைத் தாங்கும் என்பதற்கான எண் அது. முப்பத்தெட்டு என்றால் கூர்கூரான மணல், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் மணல். உருண்டை மணலுக்கு அந்த எண் வராது. என் கண்ணாடியில்தான் இன்னும் குங்குமம் இருக்கிறதோ என்னவோ. கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

வீட்டுக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிட்டால் "நாளைக்கு" என்கிறான். அவனுடைய நாளை எந்த மாதத்தில் வரும் என்று கேட்க மறந்துவிட்டேன்.

சமையலறையில் ஒரு காரியம் செய்தேன். ஒரு தட்டில் கோதுமை ரவையைக் குவித்துக் கொட்டினேன், இன்னொன்றில் கடுகு. ரவை கூம்பாக நின்றது. கடுகு தட்டையாகப் பரவிப் பாதி தரையில் ஓடியது. பெருக்கிப் பெருக்கிப் பார்த்தும் அடுப்புக்கடியில் இன்னும் கிடக்கிறது.

மதியம் தணிகைவேலிடம் இதைச் சொன்னேன். அவர் எனக்கும் சேர்த்துத்தான் சோறு கொண்டுவருகிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. "ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியல மேடம், அம்மா இருந்தப்ப ரெண்டு பேருக்கு ஆக்கின கை" என்கிறார். அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கல்யாணம் செய்துகொள்ளாமலே இருந்துவிட்டவர். ரவையும் கடுகும் கதையைக் கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கை கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

அந்தச் சோதனை செய்த மணலில் மிச்சம் இருக்கிறதா என்று தணிகைவேலைக் கேட்டேன். "தீந்துபோச்சு மேடம்" என்றார். சரி.

கருணைக்கிழங்கு வறுவல் நன்றாக இருந்தது. இரண்டாவது வெட்டும் ஆயிற்று.

அக்டோபர் 20, ஞாயிறு

குழாய் சரியாகிவிட்டது. பிளம்பர் இல்லை, தணிகைவேல். பேச்சுவாக்கில் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு, ஸ்பானரும் வாஷரும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. குழாய் மாட்ட எதற்கு இஸ்திரிச் சட்டை என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் காபி கொடுத்தேன். சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கயும் எங்க வீடு மாதிரியே ஃபேன் சத்தம் மட்டுந்தான் மேடம்" என்றார். அப்புறம் டம்ளரையே பார்த்துக்கொண்டு, "தீபாவளிக்கு ஊருக்குப் போறீங்களா?" என்றார்.

"லீவு இல்ல."

"நானும் இங்கதான். வேணும்னா... ஒண்ணா சாப்பிடலாம். நான் சமைச்சு எடுத்தாறேன்."

சரி என்றேன். அவ்வளவுதான், பெரிய விஷயமெல்லாம் இல்லை. சக ஊழியர்கள் சேர்ந்து சாப்பிடுவது உலகத்தில் எங்கும் நடப்பதுதானே.

சாயங்காலம் கடைத்தெருப் பக்கம் போனேன். மாம்பழக் கலரில் ஒரு புடவை எடுத்தேன். தீபாவளிக்குப் புடவை எடுப்பது எல்லோருக்கும் வழக்கந்தான். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் நான் எடுக்கவில்லை, அது வேறு.

அக்டோபர் 22, செவ்வாய்

இன்றைய வெட்டில் வலது மேல் மூலையிலிருந்து ஒரு சட்டி அளவு மணல் தானாகவே கொட்டியது. மஹதோ ஓடிப்போய்ச் சாக்கை வைத்து அடைத்தார். என்னைப் பார்த்து, "மேடம், மண்ணு நிக்கல. தண்ணி மாதிரி வருது" என்றார். இருபது வருடமாகச் சுரங்கத்துக்குள் இருப்பவர், பயப்படுகிற ஆள் இல்லை. பின்னால் ஆட்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் திருப்புகிறவர்களும் கூட இன்று திருப்பவில்லை.

மேலே வந்து மேனேஜரிடம் சொன்னேன். "ஒரு சட்டி மணலா? அறிக்கையில முப்பத்தெட்டு இருக்கும்மா" என்றார். இருக்கத்தான் செய்கிறது. கையெழுத்துப் போட்டேன்.

சாப்பாடு இறங்கவில்லை. தணிகைவேல் "ஒடம்புக்கு என்னா மேடம்?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார்.

அக்டோபர் 23, புதன்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

சோதித்த மண்ணில் மிச்சத்தை வேலை முடியும்வரை தூக்கிப் போடக் கூடாது. எந்த ஆய்வகத்திலும் அதுதான் முறை. தணிகைவேல் முறை தவறாத ஆள். போன வியாழக்கிழமையே எனக்கு இது தெரியும். பின் ஏன் இத்தனை நாள் அந்த ஸ்டோர் ரூம் பக்கம் போகவில்லை? வேலை இருந்தது. வேறென்ன.

இன்று காலை அவர் சோதனைக்கான கான்கிரீட் கட்டைகளை எடுத்துவரப் போயிருந்தபோது உள்ளே போனேன். மேல் அலமாரியில், மற்ற பைகளுக்குப் பின்னால், துளை எண் எழுதிய பை இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடியில் வைத்தேன். இரண்டு சாதி மணல். ஒன்று நான் சுரங்கத்துக்குள் பார்க்கும் அதே உருண்டை. மற்றது கருநீலம், உடைத்த கண்ணாடித்தூள் மாதிரி எல்லாப் பக்கமும் மூலை. ஜல்லி மில்லில் உடைக்கிற எம்-சாண்ட். ஈரத்தில் ரெண்டும் ஒரே சாம்பல் நிறம், வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தணிகைவேல் வந்து வாசலில் நின்றார்.

"இது எப்படி இதுக்குள்ள வந்துது?" என்றேன்.

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "கொறஞ்சுபோச்சு மேடம். மண்ணெடுக்கற குழாயத் தூக்கும்போதே பாதி மணல் வழுக்கித் துளைக்குள்ளயே விழுந்துடுச்சு. வந்தது சோதனைப் பொட்டிக்குப் பத்தல. மறுபடி துளை போடணும்னா மேனேஜர் கத்துவார், அறிக்கை அன்னைக்கே வேணும்னுட்டு நின்னார். கான்கிரீட்டுக்கு வெச்சிருந்த எம்-சாண்ட அதே சல்லடையில சலிச்சு, அதே அளவு பார்த்துத்தான் சேத்தேன். ஒரு சல்லடை கூட மாத்தல மேடம். சைஸ் ஒண்ணுதான?"

சைஸ் ஒன்றுதான். சல்லடைக்கு அளவு தெரியும், வடிவம் தெரியாது. வேறு எந்தத் தொழிலில் இருப்பவனுக்கும் இந்தத் தப்பைச் செய்யத் தோன்றியிருக்காது. சல்லடையே கதி என்று கிடப்பவனுக்குத்தான் தோன்றும். மூலையுள்ள கல்தூள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு முப்பத்தெட்டு காட்டியிருக்கிறது. குழாயிலிருந்து வழுக்கி விழுந்த அதே சாதி மணல்தான் அங்கே கீழே மஹதோவின் தலைக்கு மேல் இருக்கிறது.

"இது தப்புன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரவை, கடுகுன்னு சொன்னீங்களே, அன்னைக்கு."

அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வெட்டிய ஒவ்வொரு மீட்டருக்கும் என் கையெழுத்து இருக்கிறது.

"இன்னும் கொஞ்சந்தான் மேடம். தீபாவளிக்குள்ள முடிஞ்சு, கான்கிரீட் வளையம் போட்டுட்டா யாருக்கும் ஒண்ணும் ஆவாது. யாருக்கும் தெரியவும் வேணாம். தெரிஞ்சா என்னை எந்த லேப்லயும் சேக்க மாட்டாங்க. எனக்கு வேற தொழில் தெரியாது." அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆமாம், இருந்தது. பிடிக்கவில்லை.

"நாளைக்குக் காலையில அடுத்த வெட்டுக்கு முன்னாடி நீங்களே மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்" என்றேன்.

தலையாட்டினார். அப்புறம் எனக்குரிய டிபன் பாக்ஸை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கடவுளே, அவர் வந்து சொல்லிவிட வேண்டும்.

அக்டோபர் 24, வியாழன்

வரவில்லை. போன் அணைந்து கிடந்தது.

கிணற்றடியில் காத்து நின்றேன், வெட்டு நேரம் வரும்வரை. அப்புறம் இறங்கினேன். மஹதோவும் ஆட்களும் மண்வெட்டியோடு தயார். குட்டி எக்ஸ்கவேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. கையெழுத்துத் தாளை நீட்டினார் மஹதோ. "இன்னைக்கு வெட்டு இல்ல. இருக்கிற முகப்பு முழுக்க கான்கிரீட் பீய்ச்சி மூடுங்க" என்றேன்.

"மேனேஜர் சாப் சொல்லணும் மேடம்."

"அவரையே கூப்பிடுங்க."

சங்கரலிங்கம் ஹெல்மெட்டைக் கூடச் சரியாக மாட்டாமல் இறங்கி வந்தார். "என்னம்மா இது? நாள் இருக்கறதே கொஞ்சம். ஒரு பூதக்கண்ணாடிய வெச்சுக்கிட்டு வேலைய நிறுத்துவீங்களா?"

முதலில் பெயர் வராமல்தான் பேசிப் பார்த்தேன். மணல் உருண்டையாக இருக்கிறது, மறுசோதனை செய்யலாம், அதுவரை மூடிவைப்போம் என்று. அவர் விடவில்லை. "அறிக்கை தப்புன்னா எப்படித் தப்பு? காரணம் சொல்லுங்க. இல்லன்னா கையெழுத்தப் போடுங்க."

சொன்னேன். எம்-சாண்ட் கலந்திருக்கிறது என்று.

"யாரு கலந்தது?"

ஆய்வகத்தில் இருப்பதே ஓர் ஆள். அவருக்குத் தெரியாதா? ஆனாலும் என் வாயால் வர வேண்டும் என்று நின்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தணிகைவேல்" என்றேன். இந்தப் பெயரை சார் என்ற ஒட்டு இல்லாமல் நான் உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. "மூடுங்கய்யா, மூடுங்க" என்று கத்தினார். ஆட்கள் கான்கிரீட் குழாயை எடுத்துவரக் கிணற்றுப் பக்கம் திரும்பிய அந்த நேரத்தில் வலது மேல் மூலை விட்டது. சத்தமே இல்லை. கிழிந்த பொட்டலத்திலிருந்து கடுகு கொட்டுகிற மாதிரி கொட்டிக்கொண்டே இருந்தது. மஹதோ என் தோளைப் பிடித்து ஏணிப் பக்கம் தள்ளினார். எல்லோரும் மேலே வந்து சேர்ந்தபோது கீழே எக்ஸ்கவேட்டரின் கை மட்டும் தெரிந்தது. தெருவில் ஓர் ஆள் ஆழத்துக்குப் பள்ளம், நிறுத்தியிருந்த ஒரு ஸ்கூட்டர் உள்ளே போயிருந்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, ஒருவருக்கும் ஒன்றுமில்லை. வெட்ட ஆரம்பித்திருந்தால் அத்தனை பேரும் அந்த மூலைக்கு நேர் கீழே நின்றிருப்பார்கள்.

மஹதோ என் காலைத் தொடக் குனிந்தார். பதறிப்போய் நகர்ந்துகொண்டேன்.

அக்டோபர் 26, சனி

பள்ளத்தை நிரப்பிவிட்டார்கள். வெளி ஆய்வகத்தில் மறுசோதனை நடந்தது. முப்பத்தொன்று டிகிரி. இனி மேற்கூரையில் வரிசையாகக் குழாய் அடித்து, சிமெண்டுப் பால் செலுத்திக் கெட்டிப்படுத்திய பிறகுதான் வெட்டுவார்கள். ஜனவரி ஆகும்.

தணிகைவேலை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். மற்ற கம்பெனிகளுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். ஆய்வகத்துக்கு யாரோ புது ஆள் வந்திருக்கிறார். வெளியே கடையில் சாப்பிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அக்கா போன் செய்தாள். "ஒத்தையிலயாட்டி இருக்க?" என்றாள். ஆபீஸ்காரர்கள் வந்திருக்கிறார்கள், வீடே கலகலவென்று இருக்கிறது என்று புளுகினேன். வெளியே வெடிச் சத்தம் இருந்ததால் நம்பிவிட்டாள்.

மேனேஜர் ஆள்விட்டு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பியிருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு வேறு வந்ததாம். அதை வைத்து என்ன செய்ய?

புடவையைக் கட்டிக்கொண்டேன். கட்டிவிட்டு உடனே அவிழ்த்துவிட்டேன். சாம்பார் எப்படியோ நிறைய வந்துவிட்டது, ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 4, திங்கள்

காலையில் கதவு தட்டிய சத்தம். தணிகைவேல் நின்றுகொண்டிருந்தார். நாலு நாள் தாடி. ஸ்டோர் ரூம் சாவி அவரிடமே இருந்துவிட்டதாம். சைட் வாசலில் உள்ளே விடவில்லையாம். என்னிடம் கொடுத்துவிட்டுப் போக வந்தார். திருத்தணிக்குப் போகிறார், மாமா மகனுக்கு அங்கே ஹார்டுவேர் கடை இருக்கிறது.

சாவியை வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் வாசலிலேயே நின்றோம். "அன்னைக்கு ஏன் வரல?" என்று கேட்டேன்.

"வந்தேன் மேடம். கேட்டு வரைக்கும் வந்தேன். கால் உள்ள போகல, திரும்பிட்டேன்."

"எம்மேல கோவமா?"

"இல்ல மேடம். நீங்க செஞ்சதுதான் சரி. மஹதோவுக்கு ரெண்டு பொண்ணுங்க. எதாச்சும் ஆயிருந்தா நான் உயிரோடவே இருந்திருக்க மாட்டேன்." படியில் ஓரடி இறங்கியவர் நின்றார். "ஆனா ஒண்ணு மேடம். இதே தப்ப நீங்க பண்ணியிருந்தா, நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன்."

குத்திக்காட்டவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். தெரியும் என்றேன். தலையாட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அவர் சொன்னது உண்மை. எனக்காக அவர் கடைசிவரை மூடியே வைத்திருப்பார். இந்த நாற்பத்தொரு வயதுக்குள் யாரும் என்னிடம் இவ்வளவு ஆசையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த ஆசைக்கு மஹதோவும் அவர் ஆட்களும் மண்ணுக்குள் போயிருப்பார்கள். இரண்டும் எனக்குத் தெரிகிறது. தெரிந்தும், அவரை விரும்பினேன் என்று இப்போதுதான் எழுத வருகிறது. கதவைச் சாத்திவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.